பிள்ளை பிடிக்கிற அம்மாள்



இந்த மாதம் ஒரு தேவ ஊழியக்காரியின் வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ளும்படி என் உள்ளத்திலே ஒரு பாரம் உண்டாயிற்று. பேரைச் சொன்னாலே உங்களில் அநேகருக்குத் தெரியும். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். ஜெப வீராங்கனை என்றும், புத்தகங்கள் எழுதினவர் என்றும் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனா, அந்த அம்மையார் ஐம்பது வருஷம் யாரோடு போராடினார்கள் தெரியுமா? பிள்ளைகளை விற்கிறவர்களோடும், வாங்குகிறவர்களோடும்.

ஆள் கடத்தல் என்று பேப்பரிலே படிக்கும்போது, அது ஏதோ பம்பாயிலும் வெளிநாட்டிலும் நடக்கிற சங்கதி என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். நம்முடைய திருநெல்வேலிச் சீமையிலேயே அது நடந்தது. அதைக் கண்டுபிடிக்க உதவினது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. ஆகவே கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள்.

மூட்டை சுமந்த கிழவி

ஏமி கார்மைக்கேல் 1867-ஆம் வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி அயர்லாந்து தேசத்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார்கள். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனார் மாவு ஆலை நடத்தின வசதியான குடும்பம். ஆனால் தொழில் நொடித்து, 1885-ல் தகப்பனாரும் மரித்துப்போனார்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெல்பாஸ்ட் பட்டணத்தில் ஆராதனை முடிந்து எல்லாரும் நல்ல உடை உடுத்தி வீடு திரும்புகிறார்கள். கந்தல் உடுத்த ஒரு கிழவி பாரமான மூட்டையைச் சுமக்கமாட்டாமல் வருகிறாள். ஏமியும் அவருடைய தம்பிமாரும் ஓடிப்போய்க் கைகொடுத்தார்கள். கைகொடுத்ததுதான் தாமதம், சபை ஜனங்கள் பார்க்கிறார்களே என்று முகமெல்லாம் சிவந்துபோயிற்று. அந்த வெட்கத்தின் நடுவிலேதான் ஆண்டவர் அவரோடு இடைப்பட்டார். அக்கினியில் வேகாமல் நிற்கப்போவது எது என்ற கேள்வி அன்றைக்கே அவருடைய உள்ளத்தில் விழுந்துவிட்டது.

அதன்பின் பெல்பாஸ்ட் நூற்பாலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்கள் நடுவில் ஊழியம் துவங்கினார். தொப்பி வாங்க வழியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வருகிற பெண்கள் அவர்கள். பெரிய இடத்து ஜனங்களுக்கு அவர்கள் பக்கத்தில் உட்காரக் கூச்சம். ஆகவே 1889-ல் 500 பேர் உட்காரத்தக்க ஒரு தகரக் கொட்டகை அவர்களுக்கென்றே எழும்பிற்று. மனுஷரிடத்தில் கையேந்தாமல் கர்த்தரிடத்தில் கேட்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

நட்சத்திரக் கூட்டம்

1893-ல் ஜப்பானுக்கு மிஷனெரியாகப் போனார். வியாதி அவரைத் திருப்பி அனுப்பிற்று. சரீர பெலவீனத்தால் ஏற்கெனவே ஒரு மிஷன் சங்கமும் அவரைத் தள்ளியிருந்தது. அப்படித் தள்ளப்பட்டவர்தான் 1895 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தார். மரிக்குமட்டும், 55 வருஷம், ஒருதரம்கூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை!

திருநெல்வேலியில் தாமஸ் வாக்கர் என்ற மிஷனெரி அவருக்குத் தமிழ் போதித்தார். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிற பண்ணைவிளை கிராமத்தில் தங்கி, தமிழ்ச் சகோதரிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராய்ச் சென்றார். ஜனங்கள் அந்தக் குழுவுக்கு நட்சத்திரக் கூட்டம் என்று பேர் வைத்தார்கள். அதிலே பொன்னம்மாள் என்ற இளம் விதவை ஒருவர் இருந்தார். ஆண்டவருடைய அன்புக்காகத் தன் நகைகளை முதலாவது கழற்றினவர் அவர். இந்தச் சகோதரியின் பேரை மறந்துவிடாதீர்கள்.

பிரீனா வந்த இரவு

பண்ணைவிளைக்குப் பக்கத்தில் பெருங்குளம். அங்கே கோயிலோடு சம்பந்தப்பட்ட பெண்களின் வீடு ஒன்றில் பிரீனா என்ற சிறுமி வளர்ந்தாள். தகப்பன் இல்லை. வேறு வழி தெரியாத தாய், பிள்ளையை அங்கே ஒப்படைத்திருந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் சாமிக்குப் பொட்டுக் கட்டிவிடுவார்கள். பேருக்கு அது கல்யாணம். ஆனால் அதற்குப்பிறகு அந்தப் பிள்ளையின் சரீரம் அவளுடையது அல்ல.

பிரீனா ஒருதரம் தப்பி ஓடினாள். ஏறக்குறைய 20 மைல் தூரம் தூத்துக்குடிக்குத் தன் தாயைத் தேடிப் போனாள். தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆனா, பின்னாலேயே ஆள் வந்துவிட்டது. பயந்துபோன தாய், பிள்ளையின் கைகளைத் தன் கழுத்திலிருந்து பிரித்து அவர்களிடம் கொடுத்துவிட்டாள். ஓடிப்போனதற்குத் தண்டனையாகப் பழுக்கக் காய்ச்சின இரும்பால் அந்தக் குழந்தையின் கைகளில் சூடு போட்டார்கள். வாசிக்கவே நெஞ்சு பதறுகிறது, இல்லையா?

அந்த வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை மிரட்ட ஒரு கதை வைத்திருந்தார்கள். வெளியே போனால் பிள்ளை பிடிக்கிற வெள்ளைக்கார அம்மாள் பிடித்துக்கொண்டு போய்விடுவாள் என்பதே அது. கர்த்தர் அந்த மிரட்டலையே வழிகாட்டியாய் மாற்றினார். இந்த இடத்திலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டு போகிற ஒரு அம்மாள் இருந்தால் நல்லதுதானே என்று அந்தச் சின்ன இருதயம் நினைத்துக்கொண்டது!

1901 மார்ச் மாதம் ஒரு மாலையில் பிரீனா மறுபடியும் தப்பினாள். பண்ணைவிளை ஆலயத்தண்டை தனியாய் நின்ற குழந்தையை ஒரு கிறிஸ்தவப் பெண் பார்த்தாள். தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று அன்றிரவு தங்கவைத்தாள். காலையில் கோயில் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய் விடலாம் என்பதுதான் அவளுடைய எண்ணம். ஊரோடு பகை எதற்கு? ஆனால் அந்தப் பிள்ளை கெஞ்சின கெஞ்சலைக் கேட்டு, மனம் மாறி, அம்மையாரிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். வெகுநாள் வெளியூரில் இருந்த அம்மையார் அந்த வேளையிலேதான் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்தார். இது தற்செயலா, தேவ ஜனமே?

பிள்ளை ஓடிவந்து அம்மையாரின் மடியில் உட்கார்ந்துகொண்டது. கோயில் வீட்டுப் பெண்கள் வந்தார்கள், கூட்டம் கூடிற்று. நான் போகமாட்டேன் என்று அந்தக் குழந்தை உறுதியாய் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முதல்தரம் ஓடினபோது பிள்ளை திருப்பி அனுப்பப்பட்டாள். பெற்ற தாயே அனுப்பினாள். இரண்டாந்தரம் ஒரு சாதாரணப் பெண் திருப்பி அனுப்பவில்லை. அவள் பெரிய ஊழியக்காரி அல்ல. அவளுடைய வாசலில் அந்த இரவு எடுக்கப்பட்ட தீர்மானம் இல்லையென்றால், டோனாவூர் ஊழியம் நாம் அறிந்திருக்கிறபடி இருந்திருக்காது.

நம்ப மறுத்தவர்கள்

பிரீனா பொம்மைகளை வைத்து விளையாடும்போது தான் கண்டதையெல்லாம் நடித்துக் காட்டினாள். அம்மையாருக்குத் தூக்கம் போயிற்று. இதைப்போல எத்தனை பிள்ளைகள்? விசாரிக்கத் துவங்கினார். மிஷனெரிமாரில் சிலர் அப்படியெல்லாம் நடக்காது என்றார்கள். ஆகவே புடவை உடுத்திக்கொண்டு, யாத்திரை ஸ்தலங்களுக்கும் சத்திரங்களுக்கும் போய், மூன்று வருஷம் பொறுமையாய்க் கேட்டார், பார்த்தார், எழுதிவைத்தார்.

அவர் அறிந்துகொண்டது என்ன? இது இருட்டிலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை அல்ல. பெரும்பாலும் பிள்ளையைக் கொடுத்தது சொந்த வீடுதான். வறுமை, கடன், நேர்த்திக்கடன், புருஷன் மரித்த நிலைமை, குடும்பச் சண்டை. இப்படிப்பட்ட வீட்டின் வாசலில், இரக்கமாய்ப் பேசுகிற ஒரு தரகர் சரியான நேரத்தில் வந்து நிற்பார். சட்டம் இல்லாமலும் இல்லை. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்திலேயே, சிறு பிள்ளைகளை விபசாரத்துக்கு விற்பதும் வாங்குவதும் 372, 373 பிரிவுகளின்படி குற்றம். ஆனால் தத்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டால் நிரூபிக்க ஆள் ஏது? சட்டம் இருந்தது, சாட்சி சொல்லக் கண்கள் இல்லை.

ஊழியத்தில் தாம் கண்ட இருளை மூடாமல் அவர் எழுதின ஒரு கையெழுத்துப் பிரதியைத் தாய்நாட்டார் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உற்சாகமான செய்திகளாக எழுதித் தரக் கேட்டார்கள். அவர் மாற்றவில்லை. அது 1903-ல் புத்தகமாய் வெளிவந்தபோதும் மிகைப்படுத்துகிறார் என்று சிலர் சொன்னார்கள். மற்ற மிஷனெரிமாரின் சாட்சிக் கடிதங்களையும் பின்னான பதிப்புகளில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஜெயச் செய்தி மட்டும் வேண்டும் என்கிற ஆசை அந்தக் காலத்துச் சபையிலும் இருந்தது பார்த்தீங்களா?

இரத்தினக் கற்கள்

1901-லேயே ஊழியம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள டோனாவூருக்கு மாறியிருந்தது. 1904 மார்ச்சில் ஒரு இந்தியப் போதகர், கோயிலுக்குப் போகவிருந்த ஒரு கைக்குழந்தையைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். அதே வருஷத்தின் நடுவில் 17 பிள்ளைகள். நகைகளைக் கழற்றிவிட்டு வந்த அந்தச் சகோதரிகள், வந்த குழந்தைகளுக்கு இரத்தினக் கற்களின் பேர் வைத்தார்கள்!

அதோடு பாடுகளும் வந்தன. இந்திரநீலா என்ற செல்லக் குழந்தை 1905 ஜனவரியில் மரித்தது. தாய்ப்பால் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. கைக்குழந்தைகளுக்கென்று நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு இல்லம் துவங்கினார்கள். அதைத் தாங்கினவர் யார்? பொன்னம்மாள்! பிரசங்கம் பண்ணின சகோதரி, இரவும் பகலும் பால் காய்ச்சவும் துணி துவைக்கவும் தன்னை ஒப்புக்கொடுத்தார். 1915-ல் புற்றுநோயால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். காப்பாற்றுவது ஒரு நாள் வேலை. வளர்ப்பதோ வருஷக்கணக்கான வேலை.

1913-ல் 130 பிள்ளைகள் இருந்தார்கள். 1918 முதல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள், ஏனென்றால் நாடகக் கம்பெனிகளுக்கும் தவறான காரியங்களுக்கும் பையன்களையும் கொடுத்துவந்தார்கள்.

ஊர் ஊராய் இருந்த சிநேகிதர்கள், ஒரு பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அம்மையாருக்குச் செய்தி அனுப்பினார்கள். மோசேயின் தமக்கை நாணலண்டை தூரத்தில் நின்று கவனித்ததுபோலத்தான். அவள் ராஜாவை எதிர்க்கவில்லை. கண்ணை எடுக்காமல் நின்றாள், சரியான நேரத்தில் வாய் திறந்தாள். அவ்வளவுதான்.

காப்பாற்றினவர்மேல் வழக்கு

கோகிலா என்ற ஒரு சிறுமிக்கு ஆபத்து என்று உறுதியாய் அறிந்திருந்ததால், அவளை அவளுடைய உறவினர் கையில் கொடுக்க அம்மையார் மறுத்தார். பிள்ளையைக் கடத்த உடந்தையாயிருந்தார் என்று குற்றம் வந்தது. ஏழு வருஷம் சிறையில் இருக்க நேரிடலாம். பிள்ளை பிடிக்கிற அம்மாள் என்ற பேர் கடைசியில் கோர்ட்டு வாசல்வரைக்கும் வந்துவிட்டது! 1914 பிப்ரவரியில் வழக்கு தள்ளுபடியானது என்று தந்தி வந்தது. அல்லேலூயா!

இதையும் நேர்மையாய்ச் சொல்ல வேண்டும். இந்தப் போராட்டம் கிறிஸ்தவர்கள் மட்டும் செய்தது அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சமூகத்துத் தாயின் மகள். 1927-ல் சென்னை சட்டசபைக்குள் வந்த அவர், இந்த வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கேட்டுப் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே வாழ்க்கையிலிருந்து வெளியே வந்து ஊர் ஊராய்ப் பேசினார். கடைசியில் 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. அம்மையார் அதைக் கண்ணாரக் காண கர்த்தர் கிருபை செய்தார்.

1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேதான். அங்கிருந்தும் எழுதினார், ஜெபித்தார், பிள்ளைகளை வளர்த்தார். 1951 ஜனவரி 18-ஆம் தேதி, 83-ஆம் வயதில் தம்முடைய நேசரிடத்தில் போய்ச் சேர்ந்தார். டோனாவூரில் அவருடைய கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது. அதிலே எழுதியிருப்பது அம்மாய் என்ற ஒரே ஒரு சொல்.

இன்றைக்கு நம்முடைய வாசலில்

பொட்டுக்கட்டு சட்டப்படி ஒழிந்துவிட்டது. தரகர் ஒழிந்துவிட்டாரா? இல்லை. அவர் சட்டையை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

கொஞ்ச வருஷங்களுக்கு முன்னே ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். பத்தாம் வகுப்பு படிக்கிற மகளை ஒரு நூல் மில்லுக்கு அனுப்பப் போகிறார்கள். மூன்று வருஷம் உள்ளேயே தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாய்ப் பணம் தருவார்களாம், கையில் கொஞ்சம் முன்பணமும் கொடுத்தாயிற்று. அந்தத் தாய் இதை ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சியாய்ச் சொல்ல இருந்தார்கள். நான் தரகரிடம் நாலே கேள்விதான் கேட்டேன். மில்லின் பேரும் விலாசமும் என்ன? மாதாமாதம் சம்பளம் யார் கையில் கொடுப்பீங்க? பிள்ளை வீட்டுக்கு எப்போ போன் பண்ணலாம்? நடுவிலே வரணும்னா விடுவீங்களா? ஒன்றுக்கும் நேரான பதில் இல்லை. மறுபடி அவர் வரவே இல்லை. மகள் படிப்பை முடித்தாள். இதிலே நான் பெரிய வீரம் ஒன்றும் செய்யவில்லை பாருங்கள். கேட்டேன், அவ்வளவே.

ஆகவே தேவ ஜனமே, நம்மால் செய்யக்கூடியதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, கேளுங்கள். பிள்ளையையோ வாலிபனையோ வேலைக்கு அழைத்துப்போக ஆள் வந்தால் பேர், விலாசம், சம்பளம், வீட்டுக்குத் திரும்பும் உரிமை, இவைகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வெளிநாடு என்றால் அரசாங்கத்தில் பதிவுபெற்ற முகவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்று சொன்னால் அது கண்ணி. கம்ப்யூட்டர் வேலை, தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று நம்பிப் போன நம் தமிழ் வாலிபர்களை மியான்மரில் அடைத்துவைத்து இணைய மோசடி வேலை செய்யவைத்த கொடுமை 2022-ல் வெளியே வந்தது.

இரண்டாவது, முன்பணத்துக்குப் பயப்படாதீர்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை, முறுக்குக் கம்பெனி, ஆட்டுக்கிடை, எங்கே ஆனாலும் கடனைக் காட்டி ஆளை அடைத்துவைப்பது குற்றம். 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்தக் கடன் செல்லாது. கலெக்டரிடமோ ஆர்.டி.ஓ.விடமோ மனுக் கொடுக்கலாம்.

மூன்றாவது, பிள்ளை சொன்னால் நம்புங்கள். வேலைக்குப் போன இடத்திலிருந்து ஓடிவந்த பிள்ளையை, வாங்கின பணத்துக்குப் பயந்து திருப்பி அனுப்பாதீர்கள். சூடுபட்ட அந்தச் சின்னக் கைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, தெரிவியுங்கள். குழந்தைகளுக்கு 1098, அவசர போலீசுக்கு 112, பெண்களுக்கு 181. நாமே போய்க் கதவை உடைக்க வேண்டாம், பிள்ளையை இரகசியமாய் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கண்டெடுத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். அம்மையாருக்கு இல்லாத இந்த வழிகள் நமக்கு இருக்கின்றன.

கடைசியாக, நம் வீட்டைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்க ஒரு சின்னப் பிள்ளையை ஊரிலிருந்து கூட்டிவந்து வைத்திருக்கிற விசுவாசி யாராவது உண்டா? ஆராதனைக்கு வரும்போது அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது? சகோதரர் சாப்பிட உட்கார்ந்துகொண்டு, தங்கள் தம்பியை இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற சரித்திரம் நம் வேதத்தில்தான் இருக்கிறது. எழுப்புதலுக்காக உபவாசிக்கிறோம், சந்தோஷம். எழுப்புதல் நம் வீட்டுச் சமையலறையில் ஆரம்பிக்கட்டும்.

இந்த மாதக் குடும்ப ஜெபத்தில் இதற்காக ஜெபியுங்கள். வேலைக்கென்று ஊரைவிட்டுப் போன நம் சபைப் பிள்ளைகளைப் பேர் பேராய்ச் சொல்லி ஜெபியுங்கள். ஜெபித்து முடித்தவுடனே அவர்களுக்கு ஒரு போன் பண்ணிப் பேசுங்கள். ஒரு வாரமாய்க் குரல் கேட்கவில்லையென்றால், சும்மா இருக்காமல் விசாரியுங்கள். தனியாய் நின்ற பிள்ளைக்கு அன்றிரவு கதவைத் திறந்த அந்தச் சகோதரியின் கிருபையைக் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.